வின்ச் பூட்டுறதும் பராமரிக்கிறதும்: கடல்மணலுக்கும் மாரிச்சேத்துக்கும் எது சரி?

நிலாவெளிக் கெப் எழுதியது:

அண்ணாமாருக்கு வணக்கம். வாகனம் 2.5 லீற்றர் டீசல் டபிள் கெப். ஆக்களும் சாமானும் ஏறினா 2600 கிலோ கிட்ட வரும். புதைஞ்ச வாகனத்தை மோட்டாரால கயிறு சுத்தி இழுக்கிற 9500 இறாத்தல் வின்ச் ஒண்டு எடுத்தாச்சு: 12 வோல்ட், 8.3 மி.மீ. கம்பிக் கயிறு 28 மீற்றர், உருளை ஃபெயார்லீட் (கயிறு வெளியில வாற வாய்). இன்னும் பூட்டேல்ல. ஓட்டம் பெரும்பாலும் குச்சவெளி, புல்மோட்டைக் கரையோரம். மாரியில தம்பலகாமம் வயல் பக்கமும் வெருகல் பக்கமும் போகவேணும்.

இந்த வின்ச் வாகனத்துக்குக் காணுமோ? பம்பரில பூட்டேக்க எதைக் கவனிக்கவேணும்? வயர் எவ்வளவு தடிப்பு? கம்பியை விட்டுட்டு சிந்தெடிக் கயிறு போடுறது புத்தியோ? கடற்கரையில மரமே இல்லாத இடத்தில கொக்கியை எதில கொழுவுறது எண்டும் ஆராவது சொல்லுங்கோ.

துறைமுக வடம் எழுதியது:

தம்பி, வின்ச் காணும். ஆனால் அந்த 9500 எப்போது கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பூட்டுங்கள். கயிறு சுற்றுகிற டிரம்மில் அது ஒரே ஒரு அடுக்காக மிஞ்சியிருக்கும்போது மட்டும்தான் அந்த இழுவிசை. மேலே ஒவ்வொரு அடுக்கும் ஏற ஏற விட்டம் கூடும், இழுவை குறையும்.

உங்கள் அளவு வின்ச்சுகளில் டிரம் பெரும்பாலும் 63 மி.மீ. விட்டம். அதற்கு 8.3 மி.மீ. கம்பியை வைத்துக் கணக்குப் பார்த்தால் முதல் அடுக்கில் 4300 கிலோ, இரண்டாவதில் 3500, மூன்றாவதில் 2900, நாலாவதில் 2500 கிலோ (5500 இறாத்தல்) அளவு வரும். 28 மீற்றர் கம்பி நாலாவது அடுக்கு வரை ஏறும். முதல் அடுக்கில் கிடப்பது அடியில் உள்ள ஆறு மீற்றர் மட்டுமே. அதிலும் ஐந்து சுற்று எப்போதும் டிரம்மில் இருக்கவேண்டும். ஆகவே ஐந்து மீற்றர் தள்ளி நிற்கிற மரத்தில் கொழுவி இழுப்பவர் 9500 வின்ச்சை 5500 வின்ச்சாக்கிவிட்டுத்தான் இழுக்கிறார்.

அடுத்தது, எவ்வளவு இழுவை தேவை? இராணுவ மீட்பு வேலையில் பாவிக்கிற கணக்கு இலகுவானது. சில்லு ஆழத்துக்குப் புதைந்தால் வாகன எடை அளவு. மட்கார்ட் ஆழம் என்றால் எடையின் இரண்டு மடங்கு. மேட்டில் இழுப்பதானால் ஒவ்வொரு பாகைக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். புதையாமல், இளகின காய்ந்த மணலில் உருண்டு வருகிற வாகனத்துக்கு எடையில் கால் பங்கு போதும்.

உங்கள் 2600 கிலோ மட்கார்ட் வரை இறங்கினால் 5200 கிலோ வேண்டும். எந்த அடுக்கிலும் இந்த வின்ச் தனியே அதைச் செய்யாது. ஒரு கப்பியைப் போட்டுக் கயிற்றை இரட்டிப்பாக்கினால் வின்ச்சில் விழுவது பாதி, கப்பி உராய்வோடு 2900 கிலோ வரை. இரட்டிப்பாக்க இரண்டு மடங்கு கயிறு வெளியே போவதால் டிரம்மிலும் கீழ் அடுக்குக்கு வந்துவிடுவீர்கள். கப்பி ஒன்று, மண்வெட்டி ஒன்று இல்லாமல் வின்ச் பூட்டுவதில் அர்த்தமில்லை. சில்லுக்கு முன்னால் இருக்கிற மண்ணை வெட்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கிண்ணியா கராஜ் எழுதியது:

வடம் அண்ணன் சொன்னது சரி. பூட்டுற பக்கத்த நான் சொல்றன் தம்பி.

8000ல இருந்து 12000 இறாத்தல் வரைக்கும் அநேகமான வின்ச்சுகளுக்கு அடி ஓட்டை ஒரே அளவுதான்: 254 மி.மீ.க்கு 114.3 மி.மீ. நாலு போல்ட், 10 மி.மீ., தரம் 8.8க்குக் குறையக் கூடாது. கடையில கிடைக்கிற தரம் எழுதாத போல்ட்டப் போட்டுடாதீங்க, தலையில 8.8 என்டு அடிச்சிருக்கணும். 45 நியூட்டன் மீற்றர் இறுக்கினாப் போதும். தட்டுக்கு 6 மி.மீ. இரும்பு. போல்ட் நீளத்த அளந்து வாங்குங்க: கூட நீளமா இருந்தா ஓட்டையின்ட அடியில முட்டி இறுகின மாதிரிக் காட்டும், தட்டப் பிடிச்சிருக்காது.

ஆனா உண்மையான பிரச்சினை போல்ட் இல்ல, தட்டு சமமா இல்லாததுதான். வெல்டிங் அடிச்ச தட்டு சூட்டில கொஞ்சம் வளைஞ்சிரும். அதில வின்ச்ச வெச்சு நாலு மூலையையும் இறுக்கினா, மோட்டார்ப் பக்கமும் கியர்ப் பக்கமும் ஒரே கோட்டில இருக்காது, நடுவில டிரம் இறுகும். முதல்ல நாலு போல்ட்டையும் கையால போட்டுட்டு, ஒவ்வொரு காலுக்குக் கீழயும் கனம் பார்க்கிற தகட்ட நுழைச்சுப் பாருங்க. இடைவெளி இருந்தா அந்த அளவுக்குத் தகடு வெட்டி வைங்க. இறுக்கின பிறகு கிளச்ச (டிரம்ம கியர்ல இருந்து விடுவிக்கிற நெம்பு) விடுவிச்சு டிரம்மக் கையால சுத்துங்க. பூட்ட முன்னம் சுத்தின மாதிரியே லேசாச் சுத்தணும். இறுக்கமா இருந்தா அப்பிடியே விட்டா சரியாகிரும் என்டு நினைக்காதீங்க, கரண்டும் கூட எடுக்கும், புஷ்ஷும் தேயும்.

பம்பரின்ட பிடி செஸியிலதான் போகணும். ரேடியேற்றர் சட்டத்தில, முன் தகட்டில எல்லாம் பூட்டின பம்பர் இழுக்கிற முதல் நாளே வெளியில வந்திரும். வின்ச்சும் பம்பரும் சேர்ந்தா முன்னுக்கு நூறு கிலோ வரை ஏறும், முன் ஸ்பிரிங் இறங்கும். எயார்பேக் இருக்கிற வாகனம் என்டா அதுக்கேத்த பம்பர்தான் போடணும்.

கயிறு சுத்துற திசையப் பாருங்க. இந்த மாதிரி வின்ச்சில கயிறு டிரம்மின்ட கீழ்ப்பக்கத்தால வெளியில வரணும். தலைகீழாச் சுத்தினாலும் வின்ச் இழுக்கும், அதான் ஆபத்து. பிரேக் ஒரு திசையிலதான் பிடிக்கும். தலைகீழாச் சுத்தினா பட்டன விட்டதும் பிடிக்காம வாகனம் பின்னுக்கு வழுகும்.

உப்புவெளி வயரிங் எழுதியது:

வயர் விசயத்துக்கு வருவம். ஆக்கள் வின்ச் சரியில்லை எண்டு சொல்லிக் கொண்டுவாறதில முக்கால்வாசி பற்றறியும் வயரும்தான்.

9500 வின்ச் சும்மா சுத்தேக்க 70, 80 அம்பியர். முழுப் பாரத்தில 400ஐத் தாண்டும். பற்றறியில இருந்து வின்ச்சுக்கு 2 மீற்றர் எண்டு வைப்பம், போறதும் வாறதும் 4 மீற்றர். 35 சதுர மி.மீ. செம்பு வயரில 400 அம்பியருக்கு 0.8 வோல்ட் இழப்பு. அதே இடத்தில 16 சதுர மி.மீ. போட்டா 1.75 வோல்ட். பற்றறியே அந்தப் பாரத்தில 10.5க்கு இறங்கி நிக்கும்; மோட்டாருக்குப் போய்ச்சேருறது 9 வோல்ட்டுக்கும் கீழ. மோட்டார் மெதுவாச் சுத்தும், சூடாகும், கொன்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை விடுற பெரிய சுவிச்) படபட எண்டு அடிக்கும். 9500க்கு 35, 12000க்கு 50. பற்றறி பின்னுக்கு இருந்தா 70க்குக் குறையாதேங்கோ.

வெல்டிங் வயர் நல்லம், மெல்லிய இழை, வளையும். ஆனா செம்பு பூசின அலுமினியமும் அதே தடிப்பில விக்கினம். ஒரு இழையைக் கத்தியால சுரண்டிப் பாருங்கோ, உள்ளுக்கு வெள்ளையாத் தெரிஞ்சா எடுக்காதேங்கோ. இஞ்சத்த உப்புக்காத்தில அது லக்குக்கு (வயர் முனையில பூட்டுற உலோகக் காது) உள்ளயே பொடியாகும்.

எர்த் வயரைச் செஸியில பூட்டிட்டு விடுறது பெரிய பிழை. வின்ச்சில இருந்து நேரே பற்றறியின்ர மைனசுக்கு, பிளஸ் வயரின்ர அதே தடிப்பில போகவேணும். கொன்டாக்டர் பெட்டியில இருந்து வாற மெல்லிய கறுப்பு வயரும் அங்கதான். லக்கை ஆறுபக்க கிரிம்ப் கருவியால நசுக்குங்கோ, சுத்தியலால அடிக்கிறதும் ஈயம் ஊத்திறதும் வேண்டாம். ஈயம் பாரத்தில சூடேறி இளகும். அதுக்கு மேல உள்ளுக்குப் பசை இருக்கிற, சூட்டில சுருங்குற உறை. வயர் பம்பருக்குள்ள நுழையிற ஓட்டைக்கு ரப்பர் வளையம் கட்டாயம்.

பிளசில ஒரு ஐசோலேற்றர் சுவிச், பற்றறிக்குக் கிட்ட, கை எட்டுற இடத்தில. வின்ச் பாவிக்காத நேரமெல்லாம் அது நிப்பாட்டிக் கிடக்கவேணும். கொன்டாக்டர் உள்ளுக்கு ஒட்டிப்பிடிச்சா ரிமோட்டை விட்டாலும் வின்ச் நிக்காது. அந்த நேரம் வெட்டுறதுக்கு இது ஒண்டுதான் வழி.

மூதூர் ஜீப் எழுதியது:

வயரிங் அண்ணே, ஃபியூஸ் போட வேணாமா? முன்னுக்கு அடிபட்டா பம்பருக்குள்ள போற பிளஸ் வயர் நசுங்கி நேரே செஸியில முட்டும்.

இன்னொண்டு, இஞ்ச ஓடுற பழைய யப்பான் டீசல் ஜீப்பில பல 24 வோல்ட். ரெண்டு பற்றறி தொடரா இருக்கும். அதில ஒரு பற்றறியில மட்டும் 12 வோல்ட் வின்ச்சைக் குடுக்கிற வேலை நடக்குது. செய்யாதீங்க. ஒரு பற்றறி இறங்கும், மற்றது கூடச் சார்ஜாகிக் கொதிக்கும், ரெண்டும் போயிடும். 24 வோல்ட் வின்ச்தான் எடுக்கணும். அதில கரண்ட் பாதி, வயர் இழப்பும் குறைவு.

உப்புவெளி வயரிங் எழுதியது:

24 வோல்ட் விசயம் அப்பிடியே சரி.

ஃபியூஸ்: வின்ச்சோட வாற வயரில பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது. 250 அம்பியர் போட்டா நல்லா இழுத்துக்கொண்டு இருக்கேக்க எரியும், வாகனம் மேட்டில பாதியில நிக்கும். போடுறதெண்டா 500 அம்பியர், மெதுவா எரியிற வகை, பற்றறியில இருந்து ஒரு சாணுக்குள்ள. அது நேரடி ஷோர்ட்டுக்கு மட்டும்தான் காவல், மோட்டாரைக் காப்பாத்தாது. ஐசோலேற்றரை நிப்பாட்டி வைக்கிற பழக்கம் இருந்தா நீங்க சொல்லுற அடிபாட்டுப் பயமும் இல்லை.

பற்றறிக்கு: என்70 அளவு, நல்ல நிலையில ஒண்டு காணும். ஆனா கணக்கைப் பாருங்கோ. 300 அம்பியரில ரெண்டு நிமிசம் இழுத்தா 10 அம்பியர் மணி போகும். 90 அம்பியர் ஒல்ரனேற்றர் அதே நேரத்தில திருப்பிக் குடுக்கிறது 3. ஆகவே எஞ்சின் ஓடிக்கொண்டு இருக்கவேணும், 1500 சுற்றுக் கிட்ட. ஒரு நிமிசம் இழு, நிப்பாட்டு, மோட்டாரைத் தொட்டுப் பார். கை வைக்கேலாத சூடெண்டா ஆறவிடு. இழுத்து முடிய உடன எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ.

மூதூர் ஜீப் எழுதியது:

நல்லம். கயிறு விசயத்தில நான் கம்பிப் பக்கம். சிந்தெடிக் கயிறு பார்க்க வடிவு, ஆனா இது மணல் ஊர். நிலாவெளி மணல் இழைக்குள்ள போனா உள்ளுக்கிருந்து அரம் மாதிரி அறுக்கும். வெயில் வெளிச் சுற்றை வெளிறப் பண்ணும். கல்லில உரசினா ஒரே தடவையில முடிஞ்சுது. கம்பி சேத்திலயும் கல்லிலயும் இழுபட்டாலும் தாங்கும், விலையும் குறைவு.

துறைமுக வடம் எழுதியது:

கல்லும் சேறும் என்றால் கம்பிக்குச் சார்பாகப் பேசலாம். உப்பு என்றால் பேசமுடியாது. கம்பியின் வெளிப்பக்கம் மினுங்கும்போதே டிரம்மின் அடி அடுக்குகளில் கறள் பிடித்திருக்கும், ஏனெனில் அங்கே ஈரம் காய்வதில்லை. அடி அடுக்குத்தான் ஆகக் கூடிய பாரத்தைத் தாங்கவேண்டிய இடம்.

இரண்டாவது எடை. 9.5 மி.மீ. கம்பி 26 மீற்றர் ஒன்பது கிலோ. அதே நீள சிந்தெடிக் ஒன்றரை கிலோ. இந்த வித்தியாசம் முன் அச்சில் பாரம் குறைவதற்காக மட்டுமல்ல. அறுந்தால் பறப்பது அந்த எடைதான். எந்தக் கயிறானாலும் நடுவில் ஈரச் சாக்கையோ தடித்த போர்வையையோ போடுங்கள். வெளியே இருக்கிற கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆட்களை விலக்குங்கள். இழுபட்டு நிற்கிற கயிற்றைத் தாண்டி யாரும் கால் வைக்கக்கூடாது, கப்பி போட்டிருந்தால் அந்த மூலைக்குள்ளும் நிற்கக்கூடாது.

கம்பியை வைத்திருப்பவர் கழிக்கவேண்டிய அளவு: ஒரு முழு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி கயிற்றை ஒரு தடவை சுற்றிவரும் நீளம்) ஆறு இழை முறிந்திருந்தால், அல்லது ஒரே புரியில் மூன்று முறிந்திருந்தால் கயிறு முடிந்தது. முறுகி மடிந்த கம்பி நிமிர்த்தினாலும் பழைய பலத்துக்கு வராது. வெறுங்கையால் பிடிக்கவேண்டாம், தோல் கையுறை போடுங்கள்.

சிந்தெடிக்குக்கு மாறுபவருக்கு: உருளை ஃபெயார்லீட்டில் கம்பி கீறிய கோடுகள் கயிற்றை அறுக்கும். உருளை இல்லாத, வழவழப்பான வாயுள்ள அலுமினிய ஹோஸ் ஃபெயார்லீட் மாற்றுங்கள். டிரம்மின் கரை, கம்பி பூட்டிய ஓட்டை எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துக் கூரான இடங்களை அரத்தால் எடுங்கள். டிரம்மில் கயிற்றைப் பிடிக்கிற திருகாணி பாரம் தாங்குவதற்கானதே அல்ல. சிந்தெடிக் வழுக்கும் என்பதால் ஐந்து சுற்றல்ல, எட்டு முதல் பத்துச் சுற்று டிரம்மில் இருக்கவேண்டும். அந்தக் கடைசி மீற்றருக்கு வேறு நிறத்தில் அடையாளம் போடுங்கள்.

இதன் உண்மையான எதிரி சூடு. கயிற்றின் இழை 150 பாகை செல்சியசுக்குக் கிட்ட உருகும், ஆனால் 70ஐத் தாண்டினாலே பலம் இறங்கத் தொடங்கும். அநேகமான கிரக கியர் வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. பாரத்தோடு கயிற்றை வெளியே விட்டு வாகனத்தை இறக்கினால் பிரேக் தேய்ந்து டிரம் கொதிக்கும், அடிச் சுற்று அதில் ஒட்டும். அடுக்கில் தட்டையாக, கண்ணாடிபோல மினுங்கி விறைத்த இடம் தெரிந்தால் அது உருகிய இடம். வெளியில் பஞ்சுபோல மயிர் எழும்புவது சாதாரணம். உருகியது அப்படியல்ல, வெட்டி எறியவேண்டும்.

அறுந்தால் முடிச்சுப் போடாதீர்கள்; இந்த இழையில் முடிச்சு பலத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கும், வழுகவும் செய்யும். பன்னிரண்டு புரிக் கயிற்றைத் தன்னுள்ளேயே நுழைத்துப் பின்னலாம். நுழைக்கவேண்டிய நீளம் விட்டத்தின் 72 மடங்கு: 10 மி.மீ. கயிற்றுக்கு 72 சென்றிமீற்றர்.

கிண்ணியா கராஜ் எழுதியது:

புதுக் கயிறு எதுவா இருந்தாலும் கையால சுத்தி வைக்காதீங்க. தளர்ந்த அடுக்கில பாரம் விழுந்தா மேல் சுற்று கீழ் அடுக்குக்குள்ள வெட்டிப் புகுந்திரும், பிறகு வெளியில எடுக்க ஏலாது. லேசான ஏத்தத்தில வாகனத்த நியூட்ரல்ல விட்டு, முழுக் கயிற்றையும் இழுத்துக் கொழுவி, உள்ளுக்கு ஒராள் பிரேக்க மெதுவாப் பிடிக்க, வின்ச் வாகனத்த இழுத்துக்கொண்டு போகணும். 200, 250 கிலோ இழுவை இருந்தாப் போதும். சுற்றுகள் பக்கம் பக்கமா இருக்குதா என்டு பார்த்துப் பார்த்து நிப்பாட்டுங்க.

நிலாவெளிக் கெப் எழுதியது:

நானா, வடம் அண்ணா, நன்றி. சிந்தெடிக்குக்கே போறன். உருளையையும் மாத்திறன். இனி நங்கூரம். இறக்கக்கண்டிக்கு அங்கால கரையில தென்னை இருக்கு, தாழை இருக்கு, தண்ணிக்கரையில ஒண்டும் இல்லை. தென்னையில கொழுவலாமோ?

துறைமுக வடம் எழுதியது:

தென்னைக்குத் தடித்த ஆணிவேர் இல்லை, மணலில் நார்வேர்ப் பந்து மட்டும்தான். சற்றுப் புதைந்த சிறு வாகனத்துக்கு அடிமட்டத்தில் கொழுவலாம். மட்கார்ட் ஆழத்துக்குத் தென்னையை நம்பவேண்டாம், மரம் உங்கள் பக்கம்தான் விழும். தாழையை மறந்துவிடுங்கள். உட்பக்கக் காடுகளில் பாலை, வீரை, முதிரை, ஆற்றோரம் மருது, இவை நல்ல பிடி. தொடையை விடத் தடித்த உயிருள்ள மரமாகப் பார்த்து, 75 மி.மீ. அகலப் பட்டியை நிலமட்டத்தில் சுற்றி, இரண்டு காதையும் ஒரே ஷக்கிளில் (திருகு ஊசி போட்ட இரும்பு வளையம்) போடுங்கள். கயிற்றையே மரத்தில் சுற்றி அதன் கொக்கியை அதிலேயே கொழுவுவது மரத்தையும் அறுக்கும், கயிற்றையும் கெடுக்கும்.

ஷக்கிள் வில் வடிவம், 19 மி.மீ., 4.75 தொன் என்று உடலில் அடித்தது. ஊசியைக் கையால் இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பாரத்துக்குப் பிறகு கழறாது.

மரம் இல்லாத கரையில் மேலதிகச் சில்லைப் புதைப்பதுதான் வழி. இழுக்கிற திசைக்குக் குறுக்காக ஒரு மீற்றர் ஆழத்துக்கு வெட்டி, சில்லை நிமிர்த்தி, அகலப் பக்கம் வாகனத்தைப் பார்க்க வையுங்கள். பட்டி நடு ஓட்டையால் போய், பின்பக்கம் குறுக்காக வைத்த இரும்புக் குழாயையோ தடித்த கட்டையையோ பிடிக்கவேண்டும். பட்டி வெளியேறச் சரிவாக ஒரு ஒடுங்கிய வாய்க்கால் வெட்டவேண்டும். இதைத்தான் பலர் விடுகிறார்கள். வாய்க்கால் இல்லாவிட்டால் இழுவை மேல்நோக்கிப் போய்ச் சில்லைக் கிளப்பிவிடும். மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மிதித்து இறுக்குங்கள். காய்ந்த மணலை விட ஈர மணல் கூடுதலாகப் பிடிக்கும்.

கப்பியைக் கொண்டு இரட்டிப்பாக்கினால் வின்ச்சுக்குப் பாதி, நங்கூரத்துக்கு அல்ல. கப்பி கொழுவிய இடத்தில் கயிற்று இழுவையின் இரு மடங்கு விழுகிறது. திசை மாற்ற மட்டும் 90 பாகையில் கப்பி போட்டால் 1.4 மடங்கு. ஷக்கிளையும் பட்டியையும் அதற்கேற்ப எடுங்கள்.

தம்பலகாமத்து வரம்பு எழுதியது:

வயல் பக்கம் ஒரு விசயம். மாரியில இஞ்சத்தக் களி சில்லை உறிஞ்சிப் பிடிக்கும். நேரே முன்னுக்கு இழுக்கிறதைவிட, வந்த தடத்தில பின்னுக்கு இழுத்தா பாரம் குறையும். முன் வின்ச்சாலயே அதைச் செய்யலாம் எண்டு சிலர் கயிற்றை வாகனத்துக்குக் கீழால பின்னுக்கு விடுவினம். அச்சில, பிரேக் குழாயில, சைலன்சரில உரசி அறுந்துபோகும். செய்யவேண்டாம். பின்னுக்கு இழுக்கிறதெண்டா இன்னொரு வாகனம் வரட்டும்.

மற்ற வாகனத்தை நங்கூரமா வைச்சா நாலு சில்லுக்கும் கல்லோ கட்டையோ முண்டு குடுங்கோ. ஓட்டோ கியர் வாகனத்தை பார்க்கில போட்டுட்டு இழுக்காதேங்கோ, உள்ளுக்கு இருக்கிற சின்னப் பல்லு முறியும். காலால பிரேக், கைபிரேக், நியூட்ரல்.

சரிவாப் பக்கத்துக்கு இழுக்கிறதும் கூடாது. 15 பாகையைத் தாண்டினா கயிறு டிரம்மின்ர ஒரு கரையில மலையாக் குவிஞ்சு, வின்ச்சின்ர குறுக்குச் சட்டத்தில முட்டி அதை வளைக்கும். நிப்பாட்டி, கயிற்றை வெளியில விட்டு, அடுக்கித் திரும்ப இழுங்கோ.

உப்புவெளி வயரிங் எழுதியது:

பராமரிப்பு, கடல் பக்கம் ஓடுற ஆக்களுக்கு.

வின்ச் பெட்டியில ஐபி67 எண்டு போட்டிருக்கும். ஒரு மீற்றர் தண்ணியில அரை மணித்தியாலம். அது புது ரப்பருக்கு. இஞ்ச நடக்கிறது வேற: இழுத்துக் கொதிச்ச மோட்டார் அப்பிடியே களப்புத் தண்ணிக்குள்ள இறங்கினா, உள்ளுக்கு இருக்கிற காத்துக் குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாத் தண்ணியை உறிஞ்சும். வெளியில வந்த உடன கிளச்சை விடுவிச்சு, பாரம் இல்லாம ஒரு நிமிசம் சுத்தவிடுங்கோ. அந்தச் சூட்டில ஈரம் போகும்.

கரையோரம் போய்வந்த அண்டே நல்ல தண்ணியால கழுவுங்கோ. உயர் அழுத்தக் குழாய் வேண்டாம், அது உப்பைச் சீலுக்குள்ள தள்ளும். சிந்தெடிக் எண்டா முழுக் கயிற்றையும் வாளியில ஊறப்போட்டுப் பிசைஞ்சு, நிழலில காயவிட்டுச் சுத்துங்கோ. கம்பி எண்டா கழுவிக் காஞ்சபிறகு மெல்லிய ஒயில் துணியால துடைச்சு விடுங்கோ. தடிச்ச கிறீஸ் பூசினா மணலைப் பிடிச்சு வைக்கும்.

நனைஞ்ச வின்ச்சை மூடி உறை போடுறதும் கூடாது. கச்சான் காத்து மணலை அள்ளி வீசேக்க உறை தேவைதான், ஆனா அடிப்பக்கம் திறந்த உறையா இருக்கட்டும்.

மாதத்துக்கு ஒருக்கா கிளச் நெம்பை ரெண்டு பக்கமும் திருப்புங்கோ, டிரம்மைக் கையால சுத்துங்கோ, பத்து மீற்றரை வெளியில எடுத்துத் திரும்ப இழுங்கோ. நிண்டு கிடக்கிற வின்ச்தான் இறுகும். ரிமோட் சோக்கெட்டுக்குள்ள பச்சை பூத்திருந்தா மின் இணைப்புச் சுத்தம் செய்யிற ஸ்பிறே. பற்றறி முனையை இறுக்கின பிறகு வசலின், இறுக்க முன்னம் இல்லை. கியர்ப்பெட்டிப் போல்ட் அலுமினியத்துக்குள்ள போகுதெண்டா நூலில லனொலின் கிறீஸ் பூசாமப் பூட்டாதேங்கோ. ரெண்டு உலோகமும் உப்பும் சேந்தா அடுத்தமுறை போல்ட் கழறாது, முறியும்.

கிண்ணியா கராஜ் எழுதியது:

வருசத்துக்கு ஒருக்கா, மாரிக்கு முன்னம், கியர்ப்பக்கத்தத் திறங்க. திறக்க முன்னம் உறைகளுக்குக் குறுக்கால கோடு கீறி வைங்க, பொருத்தும்போது திசை மாறாம இருக்கும். பழைய கிறீஸ் பால் நிறத்தில இருந்தா தண்ணி போயிருக்கு. மண்ணெண்ணெயில கழுவி, முழுசாக் காய விட்டு, லிதியம் ஈபி2 கிறீஸ் பல்லுகளுக்கு மட்டும் பூசுங்க, பெட்டிய நிரப்ப வேணாம். டிரம்முக்குள்ள போற ஆறுபக்கத் தண்டில இருக்கிற பிரேக்குல ஒரு துளி கிறீசும் படக் கூடாது. பட்டா வாகனம் மேட்டில நிக்காது.

மோட்டாரத் திறந்தா பிரஷ் நீளம், கொம்யூற்றேற்றர் கறுப்பு ரெண்டையும் பாருங்க. கறுப்ப மெல்லிய கண்ணாடித் தாளால எடுங்க. எமரித் தாள் கூடாது, அதின்ட தூள் கரண்ட் கடத்தும்.

மூதூர் ஜீப் எழுதியது:

பழுது பிடிக்கிறதையும் ஒரே இடத்தில போடுவம், தேடி வாறவங்களுக்கு உதவும்.

பட்டன் அமத்தினா டக் சத்தமே இல்லை: ஐசோலேற்றர், ரிமோட் சோக்கெட், கொன்டாக்டரின்ட மெல்லிய எர்த், இந்த ஒழுங்கில பாருங்க. டக் வருது, சுத்தாது: பட்டனை அமத்திக்கொண்டே மோட்டார் முனையில வோல்ட் அளந்து பாருங்க. 10க்கு மேல இருந்தும் சுத்தாட்டி பிரஷ். 5, 6க்கு விழுந்தா பற்றறி அல்லது இணைப்பு. ஒரு பக்கம் மட்டும் சுத்துது: கொன்டாக்டரில ஒரு பாதி எரிஞ்சிருக்கு. மோட்டார் சத்தம் வருது, டிரம் நிக்குது: கிளச் முழுசாப் பூட்டேல்ல, இல்லாட்டி உள் தண்டு முறிஞ்சிருக்கு. டிரம் சுத்திக்கொண்டு இருக்கேக்க கிளச்சைப் பூட்டுற ஆக்களுக்கு இது கட்டாயம் வரும்.

உப்புவெளி வயரிங் எழுதியது:

அதோட இதையும் சேருங்கோ. லேசாக் கைபிரேக் போட்டு வாகனத்தை இழுக்கவிட்டு, மல்ரிமீற்றரின்ர ஒரு முனையைப் பற்றறி மைனஸ் ஈயத்திலயும் மற்றதை வின்ச் மோட்டாரின்ர மைனஸ் போல்டிலயும் வையுங்கோ. 0.4 வோல்ட்டுக்குக் கூடக் காட்டினா எர்த் பக்கம் பிழை. அதே மாதிரிப் பிளஸ் பக்கமும். வின்ச்சைக் கழட்ட முன்னம் இதைச் செய்தா கனபேருக்குக் கழட்டுற வேலையே வராது.

நிலாவெளிக் கெப் எழுதியது:

எல்லாத்தையும் எழுதி வைச்சிருக்கிறன். இன்னொரு கேள்வி: பக்கத்தில தொழிலுக்குப் போறவை ஃபைபர் தோணியைக் கரைக்கு இழுத்துத் தரச்சொல்லிக் கேப்பினம். இந்த வின்ச்சால செய்யலாமோ?

துறைமுக வடம் எழுதியது:

எப்போதாவது என்றால் செய்யலாம், தினசரி வேலைக்கு இது பொருந்தாது. இது ஒரு நிமிடம் இழுத்து ஆறவேண்டிய மோட்டார். தோணிக்குக் கீழே உருளைக் கட்டை போட்டு, எஞ்சினையும் வலையையும் இறக்கிவிட்டு, கப்பியோடு இழுங்கள். முன்முனை வளையத்தில் நேரே கொழுவாமல், அகலப் பட்டியை உடலைச் சுற்றிப் போடுங்கள். வளையம் ஃபைபரோடு பிய்ந்து வரும். கெப்புக்கு நாலு சில்லுக்கும் முண்டு. கயிறு கடல் தண்ணீரில் தோய்ந்திருக்கும், ஆகவே அன்று பின்னேரமே வாளியில் ஊறப்போட மறக்கவேண்டாம்.

கிண்ணியா கராஜ் எழுதியது:

தட்டு வெட்ட முன்னம் வின்ச்சின்ட அடிய அளந்து ஓட்டை இடைவெளிய இங்க போடுங்க தம்பி. 254க்கு 114.3 இல்லாத மொடலும் இரிக்கி, வெட்டினாப் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது.